கலர்டு, ஏசியன், இந்தியன்: ஒரே சொல், நாட்டுக்கு நாடு வேறு

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘கலர்டு’ என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதே சொல்லை வாய்விட்டுச் சொன்னதற்காக இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கத் தலைவர் பதவி விலக வேண்டியிருந்தது. இரண்டும் ஆங்கிலம்தானே, எது சரி? பல நாட்டினர் படிக்கும்படி எழுதுகிறவர் எதை நம்பி எழுதுவது?

இரண்டும் சரிதான். ஒரு இனப்பெயர் வசையா இல்லையா என்பது அகராதிப் பொருளால் முடிவாவதில்லை. அந்த நாட்டில் அதை யார், யாரைப் பார்த்து, எங்கே சொல்லிவந்தார்கள் என்பதைப் பொறுத்தது. சட்டப் புத்தகத்திலா, பள்ளிக்கூட வாசலிலா, வாடகை விளம்பரத்திலா? அதனால் ‘நல்ல சொல், கெட்ட சொல்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் முதல் பயணத்திலேயே காலை வாரிவிடும். சொல்லையும் நாட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் இருக்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிவைத்தது. வெள்ளையர் பக்கமும் சேராமல் ஆப்பிரிக்கர் பக்கமும் சேராமல் நின்றவர்கள் ‘கலர்டு’. கேப் பகுதியின் கோய்கோய் மக்கள், டச்சுக்காரர்கள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகள், குடியேறிய ஐரோப்பியர் என்று பல வேர்கள் கலந்த வம்சாவளி அவர்களுடையது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து இனத்தைத் தீர்மானித்த காலம் அது. சட்டம் 1991இல் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை. அதற்குள் அந்த மக்களுக்கென்று ஆஃப்ரிகான்ஸ் பேச்சு, சமையல், பாட்டு, தெருக்கள், நினைவுகள் எல்லாம் உருவாகிவிட்டன. 2022 கணக்கெடுப்பில் 8.2 விழுக்காட்டினர் இந்தப் பிரிவில் வருகிறார்கள். பெயரை ஏற்காதவர்களும் உண்டு. ‘கலர்டு எனப்படுவோர்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கோய்சான் (கோய்கோய், சான் பழங்குடிகளின் கூட்டுப்பெயர்) என்றே சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கேப்டவுன் செய்தித்தாளில் அந்தச் சொல் யாரையும் திடுக்கிட வைக்காது.

இங்கே வெளிநாட்டு எழுத்தாளர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சங்கடப்பட்டுக்கொண்டு ‘கலர்டு’ என்பதை எடுத்துவிட்டு ‘மிக்ஸ்டு ரேஸ்’ என்று போடுவார்கள். அது தகவல் பிழை. தாயும் தந்தையும் வெவ்வேறு இனத்தவராக இருப்பது வேறு. ஏழெட்டுத் தலைமுறையாகத் தனிச் சமூகமாக வாழ்வது வேறு.

இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த வாழ்க்கை இது: 1950, 60களில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் நம் துணைக்கண்டத்திலிருந்தும் போனவர்கள் வீடு தேடியபோது, வாடகை விளம்பரத்தில் ‘கலர்டு வேண்டாம்’ என்று வெளிப்படையாக அச்சடித்திருந்தது. வீட்டு விஷயத்தில் இதைச் சட்டவிரோதம் ஆக்கியது 1968 இன உறவுச் சட்டம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் தண்ணீர்க் குழாய்க்கு மேல் அதே சொல் பலகையாகத் தொங்கியது. ஒருகாலத்தில் மரியாதையான சொல் என்று கருதியே அதைப் பயன்படுத்தினார்கள் என்பது வயதானவர்கள் சிலர் இன்னும் அதையே சொல்வதற்குக் காரணம். அப்படிச் சொல்லித்தான் 2015இல் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்குப் பிறகு மன்னிப்புக் கேட்டார். 2019இல் அமைச்சர் ஆம்பர் ரட் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் குறிப்பிடும் கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் கிளார்க் 2020 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிய அன்றே பதவி விலகினார். அவர் அன்று சொன்ன வேறு சில கருத்துகளும் சேர்ந்துதான் அந்த நிலைக்குக் கொண்டுபோயின.

அமெரிக்காவில் ‘பீப்பிள் ஆஃப் கலர்’ என்பது ஏற்ற சொல், ‘கலர்டு பீப்பிள்’ பழங்கால அவமானம். தமிழில் யோசித்தால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் வரும். பொருளை வைத்துத் தேடினால் இந்த வேறுபாடு பிடிபடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. 1909இல் தொடங்கிய, அமெரிக்கக் கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பின் முழுப்பெயரில் ‘கலர்டு பீப்பிள்’ இன்னும் இருக்கிறது. நிறுவனப் பெயர் என்பதால் அதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

‘பிளாக்’ என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தென்னாப்பிரிக்காவின் 1998 வேலைவாய்ப்புச் சமநிலைச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவரும் அடக்கம். அதாவது டர்பன் நகரத்துத் தமிழர் சட்டப்படி ‘பிளாக்’. 2008இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தென்னாப்பிரிக்கச் சீனர்களும் அதற்குள் வருவார்கள் என்று தீர்ப்பளித்தது. இந்தச் சட்டத்தைப் பற்றிய கட்டுரையை அமெரிக்க வழக்கப்படி ‘ஆப்பிரிக்கன் அமெரிக்கன்’ என்று மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கணினியில் ஒரே அழுத்தில் ‘பிளாக்’ எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் நெல்சன் மண்டேலாவையும் லண்டன் கால்பந்து வீரரையும் சேர்த்து அமெரிக்கர் ஆக்கிவிடுவார்கள்.

தென்னாப்பிரிக்காவை விட்டு நகரும் முன் நம் வீட்டுச் சொற்கள் இரண்டைப் பார்த்துவிடுவோம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 300க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனில் கரை சேர்ந்தது. நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குக் கொடுக்கும் சம்பளம், நீட்டினால் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். ஆங்கிலத்தின் ‘கூலி’க்கு இந்தத் தமிழ்ச்சொல்லே மூலம் என்பது பரவலான கருத்து, குஜராத்தின் கோலி சமூகப் பெயரைச் சொல்வோரும் உண்டு. வேர் எதுவானாலும், டர்பன் இருக்கும் நேட்டாலில் அது தொழிலைக் குறிக்காமல் இனத்தைக் குறித்தது. வியாபாரியும் கூலி, ஆசிரியரும் கூலி. 1893இல் போய் இறங்கிய காந்தி ‘கூலி பாரிஸ்டர்’. இன்றும் தென்னாப்பிரிக்காவில் அது கடும் வசை. கயானாவிலும் டிரினிடாடிலும் அப்படித்தான். இந்திய ரயில் நிலையத்திலோ ஒரு தலைமுறை முழுக்கச் சாதாரணமாகக் கூப்பிட்ட சொல். அந்தப் பழக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் சுமை தூக்குபவரைப் பற்றிப் பேசிவிட வேண்டாம்.

இன்னொன்று ‘சாமி’. முனுசாமி, ராமசாமி என்று தமிழ்ப் பெயர்களின் வாலாக வந்ததைப் பிடித்துக்கொண்டு, இந்தியர் எல்லாரையும் வெள்ளையர்கள் ‘சாமி’ என்றார்கள். ஆங்கில எழுத்தில் அது ‘சாம்மி’ ஆகி, காய்கறி விற்பவருக்குப் பொதுப்பெயராகவே நின்றது. சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் இல்லையே என்று துணிச்சலுள்ளவர்கள் திருப்பிச் சொன்னதைக் காந்தி பதிவுசெய்திருக்கிறார். பொருளைப் பார்த்தால் கும்பிட வேண்டிய சொல், கூப்பிட்ட தொனியால் வசையானது.

இதற்கு நேரெதிர்த் திசையில் ஒன்று: ‘காஃபிர்’. தென்னாப்பிரிக்காவில் அச்சில்கூட முழுதாக எழுதாமல் ‘கே-வேர்டு’ என்றுதான் குறிப்பார்கள். காவலர்கள் மேல் அதைத் திரும்பத் திரும்ப வீசிய ஒரு பெண்ணுக்கு 2018இல் சிறைத்தண்டனையே கிடைத்தது. இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஆங்கிலத்தில் சமூகப் பெயரே அதுதான். தமிழில் காப்பிலி என்கிறோம். அவர்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. தென்னாப்பிரிக்க வாசகரும் படிப்பார் என்றால், முதல் முறை வரும் இடத்திலேயே இது அந்த மக்கள் தமக்கு வழங்கும் பெயர் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

இனி ‘ஏசியன்’. இது யாரையும் புண்படுத்துவதில்லை, ஆளைத்தான் மாற்றிவிடுகிறது. இங்கிலாந்தில் ஏசியன் என்றால் காதில் விழுவது இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் முதலில் தோன்றும் முகம் சீனர், கொரியர், வியட்நாமியர். இங்கிலாந்து, வேல்ஸ் படிவங்களிலேயே சீனர்கள் 2001 வரை தனிப் பெட்டியில் இருந்து, 2011இல்தான் ஏசியன் தலைப்புக்குள் வந்தார்கள். அமெரிக்காவில் 1970 கணக்கெடுப்பு இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. 1980இல் ‘ஏசியன் இந்தியன்’ என்ற பெட்டி வந்தது. ஆகவே ‘ஏசியன் உணவகம்’ என்று எழுதினால் பர்மிங்காம்காரர் பிரியாணியையும் சான்பிரான்சிஸ்கோகாரர் நூடுல்ஸையும் எதிர்பார்ப்பார்கள். சவுத் ஏசியன், ஈஸ்ட் ஏசியன் என்று திசையைச் சேர்த்து எழுதினால் எந்த நாட்டிலும் குழப்பமில்லை.

கிழக்கத்தியர் என்று பொருள்படும் ‘ஓரியண்டல்’ அமெரிக்காவில் மனிதருக்குச் சொல்லக் கூடாத சொல். 2016 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் மத்தியச் சட்டங்களில் மீதமிருந்த ‘ஓரியண்டல்’, ‘நீக்ரோ’ ஆகியவற்றை நீக்கியது. கம்பளத்துக்குச் சொல்லலாம், ஆளுக்குச் சொல்லக் கூடாது என்பது அங்கே வழங்கும் எளிய விதி. இங்கிலாந்தில் வெப்பம் குறைவு, ஆனாலும் பழைய வாடை அடிக்கும். இதே விதி ‘ஸ்காட்ச்’ என்பதற்கும் பொருந்தும். விஸ்கி ஸ்காட்ச். ஆள் ஸ்காட்டிஷ் அல்லது ஸ்காட்.

சுருக்கச் சொற்கள்தான் பெரிய கண்ணிவெடி. நம் நாளிதழ்கள் தலைப்பில் ‘பாக்.’ என்று புள்ளி வைத்துச் சுருக்குகின்றன, அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. எதையும் பாதியாக வெட்டிப் பேசும் ஆஸ்திரேலியர்களும் அப்படி நினைத்துத்தான் ‘பாக்கி’ என்றார்கள். பிரிட்டனில் 1970களில் தெருவில் துணைக்கண்டத்து முகம் எதைக் கண்டாலும் அடிப்பதற்கு ‘பாக்கி பேஷிங்’ என்றே பெயர். அடி வாங்கியவரின் கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை. வங்கதேசத்தவரும் இந்தியரும் தமிழரும் எல்லாரும் அதற்குள் வந்தார்கள். அதனால் அங்கே அது பாகிஸ்தானின் சுருக்கமே அல்ல. 2009இல் இளவரசர் ஹாரி சக வீரரை அப்படிக் குறிப்பிட்ட காணொளி வெளிவந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அமெரிக்காவில் சொல்லே அவ்வளவாகத் தெரியாது. 2002இல் அதிபர் புஷ் இந்திய, பாகிஸ்தான் பதற்றம் பற்றிப் பேசும்போது சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டார், வெள்ளை மாளிகை பின்னால் சமாளித்தது. 2023 டிசம்பரில் கான்பெர்ராவில் பாகிஸ்தான் அணி ஆடியபோது ஒளிபரப்பின் ஸ்கோர் பட்டையில் இந்த நான்கெழுத்து ஓடி, கிரிக்கெட் ஆஸ்திரேலியா மன்னிப்புக் கேட்டது. யாரும் தட்டச்சு செய்ததல்ல, தரவு வழங்கும் மென்பொருள் தானாகச் சுருக்கியது.

மென்பொருளில் நாட்டுப் பெயர்களைக் கையாளுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெயரின் முதல் நான்கு எழுத்தை வெட்டி எடுக்கும் நிரல் எழுதாதீர்கள், மூன்றெழுத்துச் சர்வதேசக் குறியீட்டை அட்டவணையாக வையுங்கள். ஜப்பானுக்கும் இதே சிக்கல். இயல்பாக முதல் மூன்றெழுத்தை எடுத்தால் ‘ஜாப்’ என்று வரும், அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போர்க் கால வசை அது. ஆஸ்திரேலியக் காய்கறிக் கடையிலோ ‘ஜாப் பம்ப்கின்’ என்று ஒரு பூசணி வகையே விற்கிறது, இன்னொரு பெயர் கென்ட்.

கிரிக்கெட் என்றதும் ‘சைனாமேன்’ பந்துவீச்சு நினைவுக்கு வரும். தமிழ் வர்ணனையில் இன்னும் தாராளமாக ஓடுகிறது. விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூல் 2018 பதிப்பில் அதை விட்டுவிட்டு, இடதுகை மணிக்கட்டுச் சுழல் என்று விளக்கமாகவே எழுதத் தொடங்கியது. மனிதரைக் குறிக்க அந்தச் சொல் பல நாடுகளில் இழிவு என்பது காரணம். தமிழில் ‘மணிக்கட்டுச் சுழல்’ இன்னும் தெளிவாகவே இருக்கிறது.

‘இந்தியன்’ என்ற நம் பெயருக்கு வருவோம். அமெரிக்காவில் அரசு அலுவலகத்தின் பெயரே இந்திய விவகாரப் பணியகம். 1944இல் தொடங்கிய பழங்குடி அமைப்பு தன்னை அமெரிக்க இந்தியர்களின் தேசிய மாநாடு என்கிறது. மூத்தவர்கள் பலர் தங்களை இந்தியன் என்றே சொல்கிறார்கள். ‘நேட்டிவ் அமெரிக்கன்’தான் நாகரிகம், மற்றது எல்லாம் தவறு என்று நாம் படித்தது பாதி உண்மை. நவாஹோ, செரோக்கி என்று அவரவர் தேசத்தின் பெயரைச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்லது. கனடாவில் ‘நேட்டிவ் அமெரிக்கன்’ என்றால் நாடே மாறிவிடும். அங்கே ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், இனுயிட், மெட்டி என்று மூன்று தனித்தனி வகை. ‘இந்தியன்’ சட்டத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது: 1876 இந்தியச் சட்டம் இன்றும் அமலில் உள்ளது, பதிவுபெற்றவர் ‘ஸ்டேட்டஸ் இந்தியன்’. சட்டச் சொல்லாக எழுதலாம், ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

அப்படியானால் இந்தியாவிலிருந்து போனவர்? கனடாவில் ‘ஈஸ்ட் இந்தியன்’ என்பார்கள். சென்னையிலிருந்து போனவருக்கு முதலில் வங்காளி என்று யாரோ நினைத்துவிட்டதாகத்தான் தோன்றும், மும்பைக்காரருக்கோ அங்குள்ள கத்தோலிக்கச் சமூகம் ஒன்றின் பெயர் அது. 2021 கனடா கணக்கெடுப்புப் படிவத்தில் சவுத் ஏசியன் என்ற வட்டத்துக்குப் பக்கத்தில் உதாரணமாக ஈஸ்ட் இந்தியன், பாகிஸ்தானி, ஸ்ரீலங்கன் என்று போட்டிருந்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்துப் படிவத்தில் இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷி, சைனீஸ் மட்டும். ஈழத்திலிருந்து போனவர் ‘வேறு ஏசியப் பின்னணி’யைத் தேர்ந்து கையால் எழுத வேண்டும். ஒரே குடும்பத்தில் டொரொன்டோ அக்காவும் லண்டன் ஹாரோ தம்பியும் வெவ்வேறு பெட்டியில் உட்காருவது இப்படித்தான்.

‘எஸ்கிமோ’ பற்றி: கனடாவில் விட்டுவிடுங்கள். எட்மன்டன் நகரின் கனடியக் கால்பந்து அணியே 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டது. இனுயிட் என்பது பன்மை, ஒருவர் என்றால் இனுக். அலாஸ்காவில் கண்ணை மூடிக்கொண்டு ‘இனுயிட்’ என்று மாற்றினால் அது பிழை. அங்குள்ள யூபிக் மக்கள் இனுயிட் அல்லர். ‘அலாஸ்கா நேட்டிவ்’ என்ற பொதுப்பெயர் உதவும்.

ஆஸ்திரேலியாவில் ‘அபாரிஜினல் அண்ட் டாரஸ் ஸ்ட்ரெய்ட் ஐலண்டர் பீப்பிள்ஸ்’ என்று முழுதாக எழுத வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று முதலெழுத்துகளால் சுருக்குவதை அரசின் நடைக் கையேடே வேண்டாம் என்கிறது. ‘அபாரிஜினி’ என்ற பெயர்ச்சொல் பழைய பாடப்புத்தக வாடை உள்ளது, அதை வெட்டிய ‘அபோ’ முழு வசை.

வெள்ளையர்களுக்குள்ளும் இதே கூத்துதான், வலி குறைவு. ‘யாங்கி’ என்றால் வெளிநாட்டில் எந்த அமெரிக்கரும். அமெரிக்கத் தெற்கில் வடக்கத்தியர். வடக்கே போனால் நியூ இங்கிலாந்துக்காரர். இங்கிலாந்துக்காரரை ஆஸ்திரேலியர்கள் ‘பாம்’ என்பார்கள். 2006இல் ஒரு பீர் விளம்பரத்தின் மேல் வந்த புகாரை விளம்பரத் தரக் குழு ஏற்கவில்லை, கிண்டல்தான் என்று விட்டுவிட்டது. ‘வாக்’ பிரிட்டனில் கறுப்பு, பழுப்பு நிறத்தவர் மேல் எறியும் வசை. ஆஸ்திரேலியாவில் கிரேக்கர், இத்தாலியர், லெபனானியரைக் குறித்த வசை, பின்னர் 1980களில் அவர்களே மேடை நகைச்சுவையில் எடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வேறு கதை. நியூசிலாந்தரை ‘கிவி’ என்றால் மகிழ்வார்கள், நியூஃபவுண்ட்லாந்துக்காரரை ‘நியூஃபி’ என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். இண்டியானா மாநிலத்தவருக்கு ‘ஹூசியர்’ பெருமைப் பெயர், 2017இல் மத்திய அரசு அச்சகத்தின் நடைக் கையேடும் ஏற்றுக்கொண்டது. அண்டை மாநிலங்களைத் தாண்டி செயின்ட் லூயிஸ் போனால் அதே சொல்லுக்கு நாகரிகம் தெரியாத ஆள் என்று பொருள்.

‘ஜிப்சி’ இங்கிலாந்தில் 2011 முதல் கணக்கெடுப்பில் உள்ள பிரிவு. அமெரிக்காவில் அது இழிசொல் என்று பூச்சியியல் சங்கம் ஓர் அந்துப்பூச்சியின் பெயரையே 2022இல் மாற்றியது. அயர்லாந்தில் இருப்பவர்கள் ஐரிஷ் டிராவலர்கள், 2017இல் தனி இனக்குழுவாக அரசு அங்கீகரித்தது. அவர்களை ஜிப்சி என்பது இரட்டைத் தவறு.

அயர்லாந்து தனிப்பாடம். அங்குள்ளவரை ‘பிரிட்டிஷ்’ என்றால் கோபம் வரும், ‘பிரிட்டிஷ் தீவுகள்’ என்ற சொல்லை டப்ளின் அரசு பயன்படுத்துவதில்லை. வடக்கு அயர்லாந்தில் 1998 அமைதி ஒப்பந்தப்படி ஒருவர் ஐரிஷ், பிரிட்டிஷ், அல்லது இரண்டும் என்று தானே தேர்ந்துகொள்ளலாம். ஆகவே நீங்கள் தேர்ந்து கொடுக்காதீர்கள். ‘அல்ஸ்டர்’ என்பதை வடக்கு அயர்லாந்துக்கு மாற்றுப்பெயராக எழுதுவது ஒரு தரப்பின் பேச்சு. பழைய அல்ஸ்டரின் 9 மாவட்டங்களில் 6தான் அங்கே, மீதி 3 குடியரசில்.

இனி வேலைக்கு வருவோம். முதலில், அந்த அடையாளம் செய்திக்குத் தேவையா என்று கேளுங்கள். பாதி இடங்களில் தேவைப்படாது. தேவை என்றால், எழுதப்படும் ஆள் எந்த நாட்டவர் என்பதை வைத்துச் சொல்லைத் தேருங்கள். வாசகரின் நாட்டில் அது உறுத்தும் என்றால் ஒரு விளக்க வரி சேருங்கள். அந்த நாட்டின் கடைசிக் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஆனால் அதோடு நிற்க வேண்டாம், ஏனென்றால் படிவங்கள் பேச்சுக்குப் பின்னால்தான் நடக்கும். அமெரிக்காவின் 2010 படிவத்தில்கூட ‘நீக்ரோ’ இருந்தது. அந்தச் சமூகத்தின் சொந்த அமைப்புகள் தம்மை எப்படி எழுதுகின்றன என்பது அடுத்த சோதனை. அகராதியில் ‘பழைய வழக்கு’, ‘புண்படுத்தும்’ என்ற குறிப்பைப் பார்ப்பீர்கள். அகராதி எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியச் சொல்லுக்கு மெக்குவாரியைத் திறக்காமல் அமெரிக்க வெப்ஸ்டரைத் திறந்தால் பாதிதான் கிடைக்கும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வரும் பிழை ஒன்று இருக்கிறது. நமக்கு ‘-ர்’ விகுதி மரியாதையைத் தானாகக் கொடுத்துவிடும்: கறுப்பர், சீனர், பழங்குடியினர். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ‘கறுப்பர்கள்’ என்பதைப் ‘பிளாக்ஸ்’ என்று பெயர்ச்சொல்லாகப் போட்டால் லண்டனிலும் நியூயார்க்கிலும் முரட்டுத்தனமாக ஒலிக்கும். ‘பிளாக் பீப்பிள்’, ‘பிளாக் பேஷன்ட்ஸ்’ என்று பெயரடையாக்கிப் பின்னால் மனிதரை நிறுத்துங்கள். ‘ஏசியன்ஸ்’ போன்றவை தாங்கும், ‘அபாரிஜினல்ஸ்’ தாங்காது. எதிர்த்திசையில், பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பார்த்துப் பழகிய ‘நீக்ரோ’வை இன்றைய செய்தியில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூலத்தில் ‘பிளாக்’ என்று இருந்தால் கறுப்பினத்தவர் என்று எழுதினால் போதும். 1963ஆம் ஆண்டு உரையை மொழிபெயர்க்கிறீர்கள், பேசியவரே ‘நீக்ரோ’ என்று சொல்லியிருக்கிறார் என்றால் அதைத் தொடாதீர்கள்.